ஊசித் துளை இருக்கிறது, உள்ளே புழு இல்லை: பழத்தைக் கெடுப்பது எது?

கேள்வி இது: "சாத்துக்குடியும் கொய்யாவும் பழுக்கிற நேரத்தில் உதிர்கின்றன. தோலில் ஊசியால் குத்தியதுபோல ஒரு துளை. வெட்டிப் பார்த்தால் புழு இல்லை. இரண்டு முறை மருந்து அடித்தும் நிற்கவில்லை. இது பழ ஈயா, வேறு ஏதாவதா?"

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பழ ஈயோடு பொருந்தவில்லை. பழ ஈ குத்தியிருந்தால் நாலைந்து நாளில் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும். காய்ப்புழு என்றால் துளை பெரிதாக இருக்கும், வாயில் எச்சம் குவிந்திருக்கும். பறவை கொத்தினால் தோல் கிழியும், வௌவால் கடித்தால் பழத்தில் பாதி இருக்காது. சுத்தமான, குண்டூசித் தலை அளவுத் துளை, உள்ளே எதுவும் இல்லை, துளையைச் சுற்றி மட்டும் மெத்தென்று இளகியிருக்கிறது என்றால், அது அநேகமாகப் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் வேலை. இன்னும் உறுதி வேண்டுமென்றால் அடிபட்ட பழத்தை மெதுவாக அழுத்துங்கள். துளை வழியாகச் சாறு துளிர்க்கும், சில நேரம் பீய்ச்சியும் அடிக்கும். சாத்துக்குடியில் அந்த இடத்தின் தோலை உரித்தால் கீழே உள்ள சுளை சாறிழந்து பஞ்சுபோல் வறண்டிருக்கும்.

அந்துப்பூச்சி என்றாலே, புழுப்பருவத்தில் தின்று அழிக்கும், வளர்ந்து இறகு முளைத்த பிறகு தேனைக் குடித்துக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் திரியும் என்றுதான் நமக்குப் பழக்கம். இந்தப் பூச்சியில் கதை தலைகீழ். இதன் புழு உங்கள் பழமரத்தின் ஓர் இலையைக்கூடத் தொடாது. இறகு முளைத்த பூச்சிதான் இரவில் பறந்து வந்து பழத்தைக் குத்துகிறது, விடிவதற்குள் போய்விடுகிறது. இரண்டு முறை மருந்து அடித்தும் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. நீங்கள் பகலில் மருந்து அடித்த தோட்டத்தில் அந்தப் பூச்சி குடியிருக்கவே இல்லை.

இந்தக் கூட்டத்தில் பல இனங்கள் உண்டு. அதிகம் பேசப்படுவது யூடோசிமா ஃபலோனியா. இதைச் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1763இல் விவரித்துப் பெயரிட்டார். மறுவருடமே கிளெர்க் என்ற இன்னோர் ஆய்வாளர் அதை ஃபுல்லோனியா என்று எழுதினார். இதனால் பழைய வேளாண் நூல்களில் இதே பூச்சி ஓத்ரிஸ் ஃபுல்லோனியா என்றும், இன்னும் பழைய நூல்களில் ஓஃபிடெரஸ் ஃபுல்லோனிக்கா என்றும் வரும். மூன்றும் ஒன்றுதான். தேடும்போது மூன்று பெயரிலும் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதி விஷயம் கண்ணில் படாது. யூடோசிமா மெட்டர்னா, யூடோசிமா ஹோமேனா, யூடோசிமா சலாமினியா ஆகியவை இதன் நெருங்கிய உறவுகள். ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் என்று வெப்பமண்டலத்தின் கிழக்குப் பாதி முழுக்க ஃபலோனியா பரவியிருக்கிறது. ஹவாய்த் தீவுகளுக்கு அது வந்து சேர்ந்தது 1985இல்தான் தெரியவந்தது.

பூச்சியை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க முடியாது. இறகை விரித்தால் 8 முதல் 10 சென்டிமீட்டர் அகலம். மடித்து உட்கார்ந்திருக்கும்போது முன்னிறகு மட்டும்தான் தெரியும். அது காய்ந்த இலையின் நிறம், நரம்பு ஓடியதுபோன்ற கோடுகள்கூட இருக்கும். பகலில் சருகுக்கு நடுவே உட்கார்ந்தால் ஒரு சாண் தூரத்திலிருந்தும் கண்டுபிடிக்க முடியாது. தொந்தரவு செய்தால் இறகை விரிக்கும். அப்போது பின்னிறகு பளீரென்று தெரியும். ஆரஞ்சு கலந்த மஞ்சள், அதில் கன்னங்கரேலென்று காற்புள்ளி போல வளைந்த ஒரு குறி, ஓரத்தில் கறுப்புப் பட்டை.

இனி அந்த ஊசிக்கு வருகிறேன். மற்ற அந்துப்பூச்சிகளுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் உறிஞ்சுகுழல் மென்மையான ஒரு குழாய். கடிகார வில் போலச் சுருட்டி வைத்திருக்கும், பூவில் நீட்டித் தேனை உறிஞ்சும், கெட்டியான எதையும் குத்த முடியாது. இந்தப் பூச்சிக்கு அதே குழலின் நுனி இறுகிக் கூராகி, அதன்மேல் முட்களும் கொக்கிகளும் முளைத்திருக்கின்றன. குழலின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். சார்லஸ் டார்வினின் மகன் ஃபிரான்சிஸ் டார்வின் 1875இலேயே இந்தக் குழலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து அதன் அமைப்பை விவரித்து எழுதியிருக்கிறார். ஆரஞ்சுப் பழத்தைக் குத்தும் பூச்சி என்பது அப்போதே தெரிந்த செய்தி.

குத்தும் விதம் ஆச்சரியமானது. குழல் உண்மையில் நீளவாக்கில் ஒட்டிய இரண்டு பாதிகள். பூச்சி ஒரு பாதியை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுபடும், அடுத்த கணம் மாறும். இரண்டு ரம்பங்களை ஒட்டவைத்து மாறி மாறி இழுப்பதுபோல. முன்னேறிய பாதியின் கொக்கிகள் சதையில் மாட்டிக்கொண்டு, அடுத்த பாதி முன்னேறப் பிடிமானம் கொடுக்கின்றன. தலையையும் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கும். சாத்துக்குடியின் தடித்த தோல்கூட இதற்குத் தடையில்லை. உள்ளே போனதும் சதையைக் கிழித்துச் சாறை உறிஞ்சும்.

இதே உறவுக்கூட்டத்தில் கலிப்டிரா என்று ஒரு பேரினம் உண்டு. அதுவும் பழம் குத்துவதுதான். ஆனால் அதில் சில இனங்களின் ஆண் பூச்சிகள் இதே கருவியால் விலங்குகளின் தோலைக் குத்தி இரத்தம் குடிக்கும். ஹான்ஸ் பேன்சிகர் என்ற ஆய்வாளர் 1960களில் மலேயாவில் இதைக் கண்டு எழுதியபோதுதான் உலகம் நம்பியது. உங்கள் சாத்துக்குடியைக் குத்தும் யூடோசிமா பழத்தோடு நிறுத்திக்கொள்ளும், பயம் வேண்டாம். பழம் குத்தும் கருவி எவ்வளவு வலுவானது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

இவ்வளவு பாடுபட்டுப் பூச்சி குடிக்கும் சாறு மிகக் கொஞ்சம். நஷ்டம் அதனால் வருவதில்லை. துளைதான் வாசல். அதன் வழியே பூஞ்சையும் ஈஸ்டும் பாக்டீரியாவும் நுழைகின்றன. ஒன்றிரண்டு நாளில் துளையைச் சுற்றி நிறம் மாறும், பழம் புளிக்கும், பிறகு உதிரும். பச்சையாக இருக்கும்போதே குத்துப்பட்ட சாத்துக்குடி குத்திய பக்கம் மட்டும் அவசரமாக மஞ்சளாகிக் கீழே விழும். உதிர்ந்து அழுகும் பழத்தின் வாசனை இன்னும் பூச்சிகளை அழைக்கும். சொந்தமாகக் குத்தத் தெரியாத வேறு பல அந்துப்பூச்சிகள் ஏற்கெனவே இருக்கும் துளையில் வாய்வைக்க வந்து சேரும். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரே பழத்தில் நாலைந்து வகைப் பூச்சி உட்கார்ந்திருப்பது இதனால்தான். அத்தனையும் குற்றவாளிகள் இல்லை. பெரிதாக, காய்ந்த இலைபோல, குழலை வேர்வரை இறக்கி அசையாமல் இருப்பதுதான் நீங்கள் தேடும் ஆள்.

அப்படியானால் அது எங்கே பிறக்கிறது? சீந்தில் கொடியில். சீந்தில், கட்டுக்கொடி போன்றவை சேர்ந்த ஒரு தாவரக் குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக் கொடிகளின் இலையில்தான் தாய்ப்பூச்சி முட்டையிடும், புழு அந்த இலையைத்தான் தின்னும். பசிபிக் தீவுகளில் இந்தக் கொடிகள் குறைவு, அங்கே புழு கல்யாண முருங்கை இனத்து மரங்களில் வளரப் பழகிக்கொண்டிருக்கிறது. முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். புழு இரண்டு மூன்று வாரம் தின்று வளர்ந்து, இலைகளை நூலால் பிணைத்து அதற்குள் கூட்டுப்புழுவாகும். இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பூச்சி வெளியே வரும். ஒரு தாய் பல நூறு முட்டை இடும்.

புழுவைக் கண்டுபிடிப்பது எளிது. பச்சையாகவோ பழுப்பாகவோ வெல்வெட் போன்ற கறுப்பாகவோ இருக்கும், உடலின் முன்பாதியில் பக்கத்துக்கு இரண்டு பெரிய கண் போன்ற வட்டங்கள். தொட்டால் தலையை அடியில் மடக்கி, வாலைத் தூக்கிக்கொண்டு அப்படியே உறைந்து நிற்கும். அந்த நிலையில் கண் வட்டங்கள் எதிரே வருபவரை முறைக்கிற மாதிரி இருக்கும். நடக்கும்போது உடலை வளைத்து வளைத்துச் செல்லும்.

இந்தப் பிறப்பிடத்தைப் புரிந்துகொண்டால் காலமும் புரிந்துவிடும். நீண்ட வறட்சிக்குப் பின் நல்ல மழை பெய்தால் கொடிகள் ஒரே மூச்சில் துளிர்க்கும், புழுக்களுக்கு விருந்து. மழை தொடங்கிய ஐந்தாறு வாரத்தில் பூச்சிகள் கூட்டமாகப் புறப்படும். அந்த நேரத்தில் உங்கள் பழம் முதிர்ந்து நின்றால் அடி பலமாக இருக்கும், நிற்காவிட்டால் அந்த வருடம் தப்பித்தீர்கள். "போன வருடம் ஒன்றுமே இல்லை, இந்த வருடம் பாதி மரம் போச்சு" என்று பலர் திகைப்பதற்கு இந்த ஏற்ற இறக்கம்தான் காரணம். மழைத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாரத்திலிருந்து காவல் வேண்டும் என்று அது சொல்லும்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். மருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லோரும் கை வைப்பது அதில்தான். பழத்தின்மேல் பூச்சிமருந்து தெளிப்பது இந்தப் பூச்சிக்குப் பயனற்றது என்பது என் உறுதியான கருத்து. பூச்சி பழத்தோலை மெல்லுவதில்லை. கால் மட்டும் படுகிறது, ஊசி நேராக உள்ளே போகிறது. தோலில் உள்ள நஞ்சு வேலை செய்வதற்குள் துளை போட்டாயிற்று, அழுகல் தொடங்கியாயிற்று. பூச்சி பிறகு செத்தாலும் பழம் திரும்பாது. நாளைக்கு வேறு பூச்சி வெளியிலிருந்து வரும். பறிக்கும் தறுவாயில் இருக்கும் பழத்தில் மருந்து அடித்தால் அது சாப்பிடுகிறவர் வயிற்றுக்குப் போகும். இது வீண் செலவு மட்டும் இல்லை, தவறும்கூட.

ஒளிப்பொறியும் அப்படித்தான். விளக்கு வைத்தால் அந்துப்பூச்சி வந்து விழும் என்பது பொது விதி. யூடோசிமா அந்த விதிக்குச் சரியாக அடங்காது. பொறியில் நூறு வகைப் பூச்சி விழுந்திருக்கும், பக்கத்து மரத்தில் இது நிம்மதியாகச் சாறு குடித்துக்கொண்டிருக்கும். ஆனால் வெளிச்சத்துக்கு வேறொரு பயன் இருக்கிறது. இரவில் பறக்கும் பூச்சியின் கண் இருட்டுக்கு ஏற்ற நிலைக்கு மாறினால்தான் அது பறந்து இரை தேடும். தோட்டம் முழுக்க மிதமான மஞ்சள் வெளிச்சம் பரவியிருந்தால் அதன் கண் பகல் நிலைக்குத் திரும்பிவிடும், பூச்சி பகல் என்று எண்ணி ஓய்ந்து உட்கார்ந்துவிடும். ஜப்பானில் பேரி, பீச் தோட்டங்களில் மஞ்சள் குழல்விளக்குகளை இதற்காகவே பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். மஞ்சள் நிறத்துக்குக் காரணம், அது பூச்சிகளை ஈர்ப்பது குறைவு. நீல, ஊதாக் கலவையுள்ள வெள்ளை விளக்கு வேறு தொல்லைகளை அழைத்து வரும். ஆனால் இது முழுத்தோட்டமும் நிழல் விழாமல் ஒளிர வேண்டிய முறை. மூலைக்கு ஒரு பல்பு தொங்கவிட்டால் மரத்தின் இருண்ட பக்கத்தில் பூச்சி உட்காரும். மின்சார வசதியும் வரிசையான தோட்டமும் உள்ளவர்களுக்கு நல்லது. பத்து மரக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பத்து மரக்காரருக்கு உறைதான். காய் முதிரத் தொடங்கும்போதே காகித உறையோ துணிப்பையோ போட்டுக் கட்டிவிடுங்கள். கொய்யா, மாதுளை போன்றவற்றுக்கு இது மிக எளிது. லிச்சி போன்ற கொத்துப் பழங்களுக்குக் கொத்தோடு சேர்த்துப் பெரிய பை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊசியின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் என்று சொன்னேன் அல்லவா, பழத்தோடு ஒட்டிக் கிடக்கும் வலைத்துணியை அது பொருட்படுத்தாது. பை தொளதொளவென்று பழத்தைத் தொடாமல் நிற்கட்டும். மரம் முழுவதும் வலை போர்த்துகிறீர்கள் என்றாலும் அதே கணக்கு. சட்டம் அடித்து அதன்மேல் வலையை விரியுங்கள், கிளைமேல் நேராகப் போட்டால் வெளி வரிசைப் பழங்கள் அத்தனையும் குத்துப்படும். அடிப்பக்கம் தரைவரை மூட வேண்டும். வலையின் செலவு முதல் வருடம் கசக்கும். ஆனால் பறவைக்கும் வௌவாலுக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்பு. பெரிய அளவில் நம்பி வைக்கக்கூடியது என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது இரவு வேட்டை. பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், ஆனால் சிறிய தோட்டத்தில் இதைப்போல் கைமேல் பலன் தருவது வேறில்லை. இருட்டிய முதல் சில மணி நேரத்தில்தான் வரத்து அதிகம். டார்ச்சும் கைப்பிடி வலையும் எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வாருங்கள். வெளிச்சம் பட்டால் பூச்சியின் கண்கள் தணல் துண்டுபோல் ஒளிரும், தூரத்திலிருந்தே தெரியும். குழல் பழத்துக்குள் இறங்கியிருக்கும்போது அது சட்டென்று பறக்காது, வலையை மேலே கவிழ்த்துவிடலாம். தொடர்ந்து ஒரு வாரம் செய்தால் எண்ணிக்கை குறைவது உங்களுக்கே தெரியும். எதுவும் செய்யாவிட்டாலும் ஓர் இரவாவது போய்ப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பகலில் துளையைப் பார்த்து ஊகிப்பதற்கும் இரவில் கண்ணால் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எந்த மரம், எந்தப் பக்கம், எத்தனை மணி என்று தெரிந்தால்தான் உறை எங்கே முதலில் தேவை என்பதும் தெரியும்.

கவர்ச்சித் தீனியும் உண்டு. நன்கு கனிந்த வாழைப்பழம், கொய்யா, புளித்த வெல்லப்பாகு இவற்றைத் தோட்டத்தின் ஓரத்தில், காடோ புதரோ உள்ள பக்கத்தில் வைத்துப் பூச்சியை அங்கே கூட்டிப் பிடிப்பது. பாகில் மருந்து கலந்து வைக்கும் பரிந்துரையும் பழைய கையேடுகளில் வரும். கலப்பதானால் குழந்தைகளும் ஆடுமாடும் தேனீயும் அண்டாதபடி வைக்க வேண்டும், அது எல்லா இடத்திலும் நடக்கிற காரியம் இல்லை. மருந்து இல்லாமல் தீனியை வைத்து வலையால் பிடிப்பதையே நான் விரும்புவேன். அந்தி நேரத்தில் புகை போடும் வழக்கமும் இருக்கிறது. பழ வாசனையைப் புகை மறைக்கும் என்பது கணக்கு. காற்றில்லாத இரவில் கொஞ்சம் உதவும், காற்றடித்தால் புகை ஒரு பக்கம் போகும், பூச்சி மறுபக்கம் வரும்.

உதிர்ந்த பழங்களைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். இதைச் செய்யாமல் மேலே சொன்ன எதைச் செய்தாலும் ஒரு கையால் விரட்டி மறு கையால் அழைப்பதாகும்.

பறிக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்த முடியுமா என்பது பழத்தைப் பொறுத்தது. மா, பப்பாளி, வாழை போன்றவை முதிர்ந்த காயாகப் பறித்தாலும் பின்னர் பழுக்கும், அவற்றைச் சீக்கிரம் பறித்து உள்ளே எடுத்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். சாத்துக்குடி, மாதுளை, லிச்சி மூன்றிலும் பறித்த பின் இனிப்பு ஏறாது. இவற்றை அவசரப்பட்டுப் பறித்தால் பூச்சிக்குப் போகாத பழம் புளிப்பாகத்தான் கையில் நிற்கும். இவற்றுக்கு உறையும் வலையும் தவிர வழி குறைவு.

கடைசியாக எல்லோரும் கேட்கும் கேள்வி: "அப்படியானால் சீந்தில் கொடியை எல்லாம் வெட்டிவிடலாமா?" தோட்டத்துக்குள்ளும் வேலியிலும் படர்ந்திருப்பதை எடுத்துவிடுங்கள், அதில் தப்பில்லை. வீட்டு மருந்துக்கென்று ஒரு கொடி வைத்திருந்தால் வெட்ட வேண்டாம். வாரம் ஒருமுறை இலையின் அடியைப் புரட்டிப் பார்த்து முட்டையையும் புழுவையும் எடுத்தால் போதும். ஆனால் பக்கத்துக் காட்டிலும் ஓடைக்கரையிலும் உள்ள கொடியைத் தேடித் தேடி அழிப்பதை நான் ஏற்கமாட்டேன். இந்தப் பூச்சி வெகுதூரம் பறக்கும். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கொடியே இல்லாமல் செய்தாலும் அப்பாலிருந்து வரும். மேலும், அந்தக் கொடிகளில்தான் இதன் எதிரிகளும் வாழ்கின்றன. கண்ணுக்கே தெரியாத அளவுச் சின்னஞ்சிறு குளவிகள் இதன் முட்டைக்குள் தங்கள் முட்டையை இட்டு, புழு பொரியாமலே செய்துவிடும். டெலினோமஸ், ஊயென்சிர்ட்டஸ் என்ற இரண்டு பேரினங்களைச் சேர்ந்த இத்தகைய குளவிகளைப் பப்புவா நியூகினியிலிருந்து எடுத்துச் சென்று, சமோவா, டோங்கா முதலான பசிபிக் தீவுகளில் விட்டு, இந்தப் பூச்சிக்கு எதிராகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இதற்கு இயற்கை எதிரிகள் ஏற்கெனவே காட்டில் இருக்கின்றன. காட்டுக்கொடியை அழித்தால், அல்லது அதன்மேல் மருந்து அடித்தால், முதலில் போவது அந்தக் குளவிகள்தான். வேலியில் எடுக்கும் முட்டைகளில் கறுத்துப்போனவை தென்பட்டால் நசுக்காதீர்கள். பெரும்பாலும் அவற்றுக்குள் குளவி வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு சிறு டப்பாவில் போட்டு வாயை மெல்லிய துணியால் மூடி இரண்டு வாரம் வைத்தால் நீங்களே பார்க்கலாம். குளவி வந்ததும் தோட்டத்தில் திறந்துவிடுங்கள்.

உங்கள் மரத்தில் இப்போது மிச்சமிருக்கும் பழத்துக்கு: அடுத்த பறிப்பில் ஒவ்வொன்றையும் பெட்டியில் வைக்கும் முன் கட்டைவிரலால் சுற்றி லேசாக அழுத்துங்கள். நேற்றிரவு குத்துப்பட்டது பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அழுத்தினால் ஓரிடத்தில் ஒரு துளி சாறு வரும். அதைத் தனியே எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் போனால் இரண்டு நாளில் அதுவும் அழுகி, பக்கத்திலிருப்பதையும் அழுகவைக்கும்.